ஏழாவது ஆளாக இறங்கிய அண்ணன்

சென்ற ஆவணியில் ஒரு சனிக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்கு, எங்கள் அண்ணன் அவர்கள் தம் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். எல்லாம் தவறத் தொடங்கியது அப்போதுதான். தினமும் அந்த நேரம் நெருங்கினால் இன்னும் என்னால் உட்கார முடிவதில்லை.

அண்ணன் ரங்கூனில், பசுந்தாங் கால்வாய்க் கரையில் பிறந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எங்கள் அப்பா காலமானபோது அவருக்குப் பதினான்கு வயது. படிப்பை விட்டுக் கப்பல் பட்டறையில் சேர்ந்து, என்னைப் படிக்க வைத்தார்.

பட்டறையில் இருந்த ஸ்காட்லாந்து இன்ஜினியரிடமிருந்துதான் ரக்பி அவரைத் தொற்றிக்கொண்டது. பதினைந்து பேர் ஆடும் ஆட்டம் அது. அந்த நாட்டின் எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றில் ஒரு கசாப்புக் கடைக்காரர், பக்கத்துக்கு ஏழு பேர் போதும், ஒரே நாளில் பல ஊர்கள் மோதிவிடலாம் என்றாராம். பக்கத்து ஊர் சும்மா இருக்குமா? அதுவும் ஒரு போட்டி வைத்ததாம். அதைப் பார்த்து அடுத்த ஊரும். அண்ணன் அந்தக் கதையை மறக்கவேயில்லை. ஞாயிறுதோறும் இன்சினுக்கு ரயிலிலும் சிரியத்துக்குப் படகிலும் போய், "ஏழு பேரைத் தேத்த முடியாதா உங்க ஊரால?" என்று சீண்டிவிட்டு வருவார். முதல் வருஷம் ரங்கூனும் இன்சினும்தான் ஆடின. இன்சின் ஜெயித்த செய்தி கேட்டுச் சிரியம் தானாகவே வந்து சேர்ந்தது.

சென்ற வருஷக் கடைசி ஆட்டம் எங்களுக்கும் சிரியத்துக்கும். முந்தைய ஆட்டத்தில் எங்கள் ஆள் ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.

"ரங்கூன்ல ஆள் பஞ்சமாப்பா?" என்று இன்சின்காரர்கள் மைதான ஓரத்தில் நின்று சிரித்தார்கள்.

இருபது வயதான என் ஒரே மகன் சுந்தரம், "பெரியப்பா, நான் எறங்குறேன்" என்றான். முன்பொரு முறை இதே ஆட்டத்தில் அவன் தோளெலும்பு முறிந்திருக்கிறது. அவன் மணிக்கட்டை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நமக்கு ஆள் கொறையுதுன்னு சிரியத்துக்காரங்ககிட்டச் சொல்லிப் பாக்கலாமே, அண்ணே."

"அவங்ககிட்டயா? கெஞ்சினோம்னு வருஷம் பூரா சொல்லிக் காட்டுவாங்க. நீ பிள்ளையைப் பிடிச்சுக்க. இந்தா, கோட்டையும் பிடி."

அண்ணனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஏழு நிமிடம் சேற்றில் ஓடினார். இடைவேளையில் தண்ணீர் கேட்டவர், அதைக் குடிக்காமலே சாய்ந்தார். இதயம் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் காலமானார். அதுவரை என் மகனின் கையை நான் எங்கேயும் விடவில்லை.

சிரித்த அதே இன்சின்காரர்கள்தான் அண்ணனைப் பெஞ்சில் கிடத்தி ஆஸ்பத்திரி வரை சுமந்து ஓடினார்கள். மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டும் வேலையே வைக்காமல் சோறு அனுப்பியவர் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணி டோ செய்ன். அவர்களுக்கும், அண்ணனுக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

வரும் சனிக்கிழமை மறுபடியும் போட்டி. எங்கள் பக்கம் ஆறு பேர்தான் இருக்கிறார்கள். சுந்தரம் நேற்று உத்தரவு கேட்டான். நான் இன்னும் கொடுக்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது சிரியத்து அணித்தலைவர் இப்ராகிம் பாய், முதல் படகில் வந்ததாகச் சொல்லி வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஆறு பேருன்னு கேள்விப்பட்டேன், அண்ணே. தம்பி சுந்தரத்தை அனுப்ப வேணாம். நாங்களும் ஆறு பேராவே எறங்குறோம். எதிராளிக்கு ஆள் குறைஞ்சா எங்கள்ல ஒருத்தனை நிறுத்திடுறது எங்க ஊர் வழக்கம். போன வருஷம் பெரியவர் ஆசைப்பட்டு எறங்குறாருன்னுல்ல நினைச்சோம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அண்ணே."