முழங்காலுக்கு ஊசி கேட்டவர்கள்

மாவுக்கட்டைப் பிரித்ததோடு டாக்டரின் வேலை முடிந்துவிடும். திட்டு வாங்கும் வேலை அங்கிருந்துதான் எனக்கு ஆரம்பிக்கும். அறுபதுகளில் விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தருபவனாக இருந்தேன். வியாழன்தோறும் திண்டிவனம் கிளைக்குப் போவேன். முழங்காலில் அடிபட்டுப் பல வாரம் அசையாமல் கிடந்தால் தொடைச்சதை வற்றிவிடும். கணுக்காலில் மணல் பையைக் கட்டி, தூக்கித் தூக்கித்தான் அதை மீட்க வேண்டும். இதைச் சொன்னதற்கு நான் பட்ட பாட்டை, நல்லது சொல்லி மாட்டிக்கொண்ட நீங்களாவது கேளுங்கள்.

டன் கணக்கில் கரி

ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடும் கண்ணப்பன், படியில் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர். கட்டைப் பிரித்த அன்று தொடையை டேப் வைத்து அளந்தேன். அடிபட்ட கால் இரண்டு அங்குலம் இளைத்திருந்தது. தினம் மூன்று வேளை பையைத் தூக்க வேண்டும் என்றேன். "டன் கணக்குல கரி அள்றவன் சார் நான். எனக்கு இந்த மண்ணா?" என்று தூக்கப் பார்த்தார். கால் கட்டிலைவிட்டு எழும்பவேயில்லை. அவர் முகம் சுண்டிப்போனது.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, அவர் மறுபடி வாயைத் திறக்கும்வரை. வார்டே கேட்கும்படி டாக்டரிடம் முறையிட்டார்: "ஒரு ஊசி போடத் தெரியாத ஆளை எதுக்கு சார் ஆஸ்பத்திரில வெச்சிக்கினு இருக்கீங்க?"

சைக்கிள் டியூப்

திண்டிவனத்தில் ஏழுமலை என்று ஒரு சடுகுடு ஆட்டக்காரன், முட்டி பிசகி என்னிடம் வந்து, நான் கொடுத்த மணல் பையைத் தொடாதவன். ஒரு வியாழன் நொண்டிக்கொண்டு வந்தான். வேட்டியை விலக்கினால், தொடையில் சைக்கிள் டியூபை இறுக்கிக் கட்டியிருக்கிறான். கால் நீலம் பாரித்து, கிள்ளினாலும் தெரியவில்லை. ரத்தத்தை நிறுத்தி வைத்தால் சதை ஊறும் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்களாம். என் பேச்சைக் கேட்காதவன் டீக்கடை பேச்சைக் கேட்டிருக்கிறான்! டியூபைக் கத்தரியால் வெட்டி எறிந்தேன். கால் போயிருக்குமே என்று கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது.

பல வருஷம் கழித்து, ஜப்பானில் தொடைக்குப் பட்டை கட்டி, ரத்த ஓட்டத்தை அளவாகக் குறைத்து, லேசான எடையைத் தூக்க வைத்துச் சதையை வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே அழுத்தத்தை அளக்கிறார்கள், பக்கத்திலேயே ஆள் நிற்கிறார். இவன் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போட்டவன். இந்தச் செய்தி ஏழுமலைக்கும் எப்படியோ எட்டிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டான்: "என் டியூபை அறுத்துப் போட்டீங்களே சார், ஜப்பான்காரன் அதையே கட்டிக்கினு இருக்கானாமே!"

வேஷம்

முகையூர்ப் பக்கத்துக் கூலிக்காரி அஞ்சலை, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையோடு வரப்பில் விழுந்து முட்டி விலகியவள். கட்டைப் பிரித்த மறுநாளே நிலத்துக்காரர் வந்து நின்றார், களை எடுக்க ஆள் வேண்டுமாம். இப்போது குந்தினால் ஜென்மத்துக்கும் நொண்டிதான் என்றேன். நர்சம்மா அளந்து எழுதிய சீட்டைக் காட்டினேன். ஒரு கால் மரம் மாதிரி, ஒரு கால் குச்சி மாதிரி இருப்பதையும் சொன்னேன். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டு, பையைத் தூக்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

நிலத்துக்காரர் சீட்டைத் தொடக்கூட இல்லை. "படுத்துக்கினு காலு ஆட்றதுக்குப் பேரு வைத்தியமா? இவ வேஷம் போட்றா, நீ மோளம் அடிக்கிற!"

பெரிய டாக்டர்

அஞ்சலையைக் களை எடுக்க நான் அனுப்பவில்லை. மூன்று மாதம் பயிற்சிக்கு வந்துபோனாள். வீட்டில் மணலுக்குப் பதில் கேப்பையைப் பையில் கட்டிக்கொண்டு தூக்கினாளாம். வலியில் உதட்டைக் கடித்துக்கொள்வாளே தவிர ஒரு நாளும் எண்ணிக்கையைக் குறைத்ததில்லை. கடைசி நாள், கையை ஊன்றாமல் குந்தி எழுந்து காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தவள், என்னைத் தாண்டிப் போய் டாக்டர் மேஜையில் வைத்துக் கும்பிட்டாள். திரும்பும்போது என்னைப் பார்த்து இரக்கத்தோடு சொன்னாள்: "எல்லாம் பெரிய டாக்டரு கைராசிங்கண்ணா. நீங்களும் பாவம், மூணு மாசமா சும்மாவே கூட நின்னுக்கினு இருந்தீங்க."

என் கையில் தேறியவர்கள் எல்லோரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் விடுவிடுவென்று நடந்து போனார்கள். அப்படி நடக்க முடிந்ததே, அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ்.