கடைசிப் பெயருக்குக் கேதம் போகவில்லை

போன மாதம் என் அண்ணன் காலமானார். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வில்லாபுரம் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவள் செல்வி — எங்கள் சித்தப்பா மகள், ஆனையூர்க்காரி. வாசற்படி ஏறவில்லை.

"அண்ணே... எனக்குக் கேதம் சொல்ல வேணாம்னு எல்லாரும் பேசி வச்சுட்டீகளா?"

சாவுச் செய்தியை எங்கள் பக்கம் கேதம் என்போம். சொல்லாமல் விட்டால் உறவே அறுந்தது என்று அர்த்தம். செல்வி தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டவள். பல வருடங்கள் அவளுக்கு யாரும் கேதம் சொன்னதில்லை. அவளை மறுபடி வீட்டுக்குள் அழைத்து வந்தவர் அண்ணன்தான்.

"டேய் வாத்தி, அவ நம்பரையும் உன் மெஷின்ல ஏத்துடா. நான் போனா நீங்கள்லாம் பந்தி எப்பன்னு பாப்பீக. அவதான் அழுவா" என்றார். ஏற்றினேன். கடைசிப் பெயராக.

அது என்ன மெஷின்? கல்லூரியில் ஜாவா சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் சும்மா இருப்பேனா? சொந்தங்கள் எல்லாருக்கும் ஒரே நொடியில் கேதம் அனுப்ப ஒரு ப்ரோகிராம் எழுதியிருந்தேன். பெயர்கள் இருந்தது ஓர் அரேயில்.

அரே என்பது வரிசையாகப் போட்ட நாற்காலிகள் மாதிரி. போட்ட பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது. வேறு அளவில் வேண்டுமென்றால் புதிய வரிசை போட்டு, பழையதில் இருப்பவர்களை முதலிலிருந்து ஒவ்வொருவராக மாற்ற வேண்டும். புதியது சின்னதாக இருந்தால்? கடைசி ஆளுக்கு இடமிருக்காது. கம்ப்யூட்டர் அதற்காகச் சத்தம் போடாது.

அண்ணனுக்கு முன்பே ஒரு பெரியம்மா போய்ச் சேர்ந்தார். அவர் பெயரை அழித்தேன். ஓர் ஆள் குறைந்தாயிற்றே என்று அரேயின் அளவிலும் ஒன்றைக் குறைத்தேன். பின்னால் இருப்பவர்களை நகர்த்தி நடுவிலிருந்த காலியிடத்தை முதலில் அடைத்திருக்க வேண்டும். வருடம் தவறாமல் வகுப்பில் நான் சொன்ன பாடம்தான்... செய்யவில்லை. இறந்தவரின் காலி நாற்காலி பத்திரமாகப் புது வரிசைக்குப் போனது. உயிரோடு இருக்கும் செல்வி விழுந்துவிட்டாள்.

இதை அவளிடமும் விளக்கினேன். அழுதுகொண்டு நிற்பவளிடம் பாடம் நடத்தினேன்!

"மெஷினு விட்ருச்சு, சரிண்ணே. அம்புட்டுப் பேரு கூடியிருக்கீக... நான் வரலையேன்னு ஒருத்தருக்குமா தேடல?"

வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவதிலேயே இருந்துவிட்டோம். அண்ணனின் முகத்தை இனி அவளுக்கு யார் காட்ட முடியும்? வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டாள்.

ப்ரோகிராமை அன்றே திருத்திவிட்டேன். இனி யார் பெயரும் விடுபடாது.

செல்விதான் என் போனை எடுப்பதில்லை.