ஃபார்மட்லோ லேது

எங்கள் வீட்டில் தெலுங்கில் மனு எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஏழாம் வகுப்பு படிக்கும்போதே ஆந்திரப் பக்கம் இருக்கும் எங்கள் நாராயணவனத்தில் பாதித் தெருவுக்கு வருமானச் சான்றுக்கும் ரேஷன் கார்டுக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். மண்டல ஆபீசில் சில சமயம் "ஃபார்மட்லோ லேது" என்று காகிதத்தைத் திருப்பிவிடுவார்கள். அவர்கள் கேட்கிற மாதிரியில் இல்லை என்று அர்த்தம். நான் கட்டம் போட்டு, வரிசைப்படி எழுதிக் கொடுப்பேன். முத்திரை விழுந்துவிடும். ஆகவே உலகத்தில் எது நின்றுபோனாலும் ஃபார்மட்டில் போட்டால் நடந்துவிடும் என்று உறுதியாக நம்பினேன்.

அந்த ஆடிக்குப் பெரியப்பா மகள், என் அக்கா, தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கல்யாண வீடியோவை வீடியோக்காரர் ஒரு ஹார்ட் டிஸ்கில் கொடுத்தனுப்பியிருந்தார். தன்னிடம் வேறு காப்பி இல்லை, உடனே கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தடாவிலிருந்து சம்பந்தி வீட்டார் அக்காவை அழைத்துப்போக வருகிறார்கள். அவர்களையும் தெருவையும் ஒன்றாக உட்காரவைத்து முழு வீடியோவையும் காட்ட வேண்டும் என்பது பெரியம்மாவின் ஆசை. அந்தப் பேச்சு வந்தாலே பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

எங்கள் கம்ப்யூட்டர், புத்தூரில் ஒரு நெட் சென்டரை மூடியபோது நைனா, அதாவது என் அப்பா, வாங்கி வந்தது. அதற்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அக்கா புத்தூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள். இருந்தாலும் ஸ்டூலில் உட்கார்ந்தவள் நான். ஹார்ட் டிஸ்க் ஒயருக்கு இரண்டு தலை இருந்தது. ஒன்றைச் சொருகினால் டிக் டிக் என்று அடித்துக்கொண்டதே தவிர திறக்கவில்லை. பழைய பெட்டி, ஒரு துளையில் வருகிற கரென்ட் போதவில்லை போலிருக்கிறது. இரண்டாவது தலையையும் பின்பக்கம் சொருகிப் பார்த்தேன். விர்ரென்று சுற்ற ஆரம்பித்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் பார்த்துவிடலாம் என்றேன். வீட்டில் அப்போது நாங்கள் இருவர்தான். படத்தில் மேடைக்குப் பக்கத்தில் சம்பந்தி துண்டை உதறிக்கொண்டு நின்றார். அவர் ஆட்கள் உட்காரும்போது டிபன் தீர்ந்துவிட்டதாம், கிளம்புகிறோம் என்று சத்தம் போட்டார். பெரியப்பா ஏதேதோ சொல்லிப் பார்த்தார். பிறகு குனிந்து அவர் காலைத் தொட்டார். சம்பந்தி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா நிமிர வெகு நேரமாயிற்று. அக்கா அந்த நேரத்தில் உள்ளே அலங்காரத்தில் இருந்தவள், அவளும் இதை அன்றுதான் பார்த்தாள்.

பெரியப்பா ஆசீர்வாதம் வாங்குகிறார் என்று நான் விளக்கம் சொன்னேன். அக்கா அந்த இடத்தை மறுபடி ஒருமுறை போடச் சொன்னாள். போடுவதற்குள் கரென்ட் போய்விட்டது.

கரென்ட் வந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஒரு பெட்டி வந்தது. டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, இப்போது ஃபார்மட் செய்யட்டுமா என்று இங்கிலீஷில் கேட்டது. எனக்குத் தெரியாத ஃபார்மட்டா?

"ஃபார்மட்ல இல்லன்னு கேக்குதுக்கா. போட்டுடட்டா?"

அக்கா குனிந்து திரையை நிதானமாகப் படித்தாள். என் தோளில் கை வைத்தாள்.

"நீதானே இதெல்லாம் எழுதறவ. போட்டுடு," என்றாள்.

போட்டேன். டிஸ்க் அழகாகத் திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

பெரியம்மா அழுத அழுகையை நான் மறக்கவில்லை. நைனா என் காதைத் திருகினார். பெரியப்பாதான் வந்து விலக்கினார். "போனா போவுது. கொயந்தய இன்னாத்துக்கு அடிச்சிக்கினு கீற?" என்றார். அன்று அவர் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள், திருப்பதியில் கடைக்காரர்கள் அழிந்ததை எடுத்துக் கொடுப்பார்கள் என்று சொல்லி அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். மசால் தோசை தின்றோம். எனக்கு வளையல் வாங்கிக் கொடுத்தாள். வழியில் மூன்று கம்ப்யூட்டர் கடைகளை நான் கைநீட்டிக் காட்டினேன். அக்கா எதிலும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும், "மூணு கடையில கேட்டாச்சு, முடியாதுன்னுட்டாங்க," என்றாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். வளையல் பார்க்கிற மும்முரத்தில் வந்த வேலையை மறந்துவிட்டாள், பாவம், திட்டு விழக்கூடாது என்று அவளைக் காட்டிக்கொடுக்காமல் விட்டேன். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

இப்போது எனக்கு இதுதான் பிழைப்பு. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, அழிந்துபோன டிஸ்குகளிலிருந்து போட்டோவையும் வீடியோவையும் மீட்டுக் கொடுக்கிறேன். அன்று நான் செய்தது மாதிரி ஃபார்மட் செய்த டிஸ்க் என்றால் பெரும்பாலும் அரைநாள் வேலைதான். கோர்ஸ் படித்த அக்காவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தடாக்காரர்கள் வந்தார்கள். வீடியோ இல்லை என்றதும் தெருக்காரர்கள் பேச்சில் இறங்கிவிட்டார்கள். பெரியப்பா சம்பந்திக்குச் சமமாக நாற்காலி போட்டுச் சாய்ந்து உட்கார்ந்து, மாங்காய் விலையைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசினார். அக்கா காப்பி டம்ளரோடு கதவோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே மகளின் கல்யாண வீடியோ போயிருக்கிறது, அப்பனுக்கும் மகளுக்கும் கொஞ்சமாவது வருத்தம் இருக்கிறதா பார் என்று எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.