மெற்றில்டாவுக்குத் துணையாகப் போனவள்

மெற்றில்டா போய்விட்டாள்.

காலையில் அவளுடைய மகள் இங்கிலாந்திலிருந்து போன் எடுத்தாள். "அன்ரி, அம்மா நித்திரையிலேயே..." என்றாள்.

நாளைக்கு இங்கிலீஷ் பேப்பர்களில் எழுதுவார்கள். வானியல் பௌதிகப் பேராசிரியர், உலக விருது வாங்கியவர் என்றெல்லாம். எனக்கு அவள் ஓர்ஸ் ஹில்லில் எங்கள் பக்கத்து ஒழுங்கையில் இருந்த மெற்றில்டா.

அவளுடைய அப்பா கப்பல் திருத்தும் டொக்யார்டில் கிரேன் ஓட்டியவர். வெள்ளைக்காரர் நேவித் தளத்தை விட்டுப் போனதோடு அவருக்கு வேலையும் போனது. பிறகு உப்புவெளி ரோட்டில் சைக்கிள் திருத்தும் கடை போட்டார்.

அறுபதுகளின் நடுப்பகுதி... எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் படிப்பிக்க ஆள் இல்லை. பொடியன்களின் கல்லூரியில் படிப்பித்தார்கள். அவளுடைய அப்பா ஒன்றுதான் சொன்னார்: தனியாக அனுப்பமாட்டேன், இன்னொரு பெண்பிள்ளையும் வந்தால் போகலாம்.

ஒரு பின்னேரம் எங்கள் குசினி வாசலில் வந்து நின்றாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"யோகம், உனக்கு பிசிக்ஸ் படிக்க விருப்பமோ?"

"இல்லை."

"எனக்குத் தெரியும். எண்டாலும் வாறியா?"

கெஞ்சவில்லை. கதவுநிலையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மாதான் முதலில் வாய் திறந்தா. "பொடியள் படிக்கிற இடத்துக்கோ? நாளைக்கு இவளை ஆர் கட்டுவினம்?"

அப்பா முன் அறையிலிருந்தே, "இவளும் என்னத்தைப் படிக்கிறதெண்டு தெரியாமல்தானே நிக்கிறாள். போய்ப் பாக்கட்டும்" என்றார்.

அப்படித்தான் நான் பிசிக்ஸ் படித்தேன். மெற்றில்டாவுக்குத் துணையாக.

வகுப்பில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மேசை. முதல் வருஷம் ஊசல் பரிசோதனை வந்தது. நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்து, புவியீர்ப்பைக் கணக்கிட வேண்டும். விடை தொளாயிரத்து எண்பதுக்குக் கிட்ட வரவேண்டும். எங்களுக்கு ஆயிரத்தைத் தாண்டியது.

திரும்பச் செய்தோம். ஆயிரம். இன்னொருமுறை... அதே ஆயிரம்.

"எல்லாருக்கும் தொளாயிரத்து எண்பதுதான் வந்திருக்கு. நாங்களும் எழுதுவம்" என்றேன்.

"எனக்கு வரேல்லையே, யோகம். வராததை எப்பிடி எழுதுறது?"

மாஸ்ரர் பிழை போட்டுத் தந்தார். அவள் அழுவாள் என்று நினைத்தேன். "சேர், வாட்சை ஒருக்கா வெளியிலை கொண்டுபோகலாமோ?" என்று கேட்டாள்.

பஜாரில் கிண்ணியா ஊர் முஸ்லிம் ஒருவரின் தேத்தண்ணிக்கடையில் ரேடியோ இருந்தது; அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். நியூஸுக்கு முன்னால் நேரம் காட்டும் அந்த பீப் சத்தத்துக்கு வாட்சை அமத்தி ஓடவிட்டு, அடுத்த நியூஸ் வரும்வரை கடை வாசலில் நின்றோம். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பெண்பிள்ளைகள். போகிற வருகிற ஆட்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு உயிரே போனது. அவள் வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன புள்ளைகள் பாக்குறீங்க?" என்று காக்கா கேட்டார்.

"நேரம் பாக்கிறம், காக்கா."

"நேரம் பாக்க ரெண்டு பேர் வேணுமா?" என்றவர் உள்ளே போய் இரண்டு கதிரை கொண்டுவந்து போட்டார். "இரிங்க. நிண்டாலும் நேரம் அதே வேகத்திலதான் போகும்."

அடுத்த பீப் வந்தபோது வாட்ச் அரை நிமிஷத்துக்கு மேல் பிந்தியிருந்தது. அந்தப் பிசகைத் திருத்திக் கணக்குப் போட்டால் எங்கள் விடை சரி.

அப்படியென்றால், அதே வாட்சால் அளந்த பொடியன்கள் எல்லாருக்கும் எப்படிச் சரியாக வந்தது...

அவள் அதைக் கேட்கவே இல்லை. திருத்திய கணக்கைக் கொண்டுபோய்க் காட்டியபோது மாஸ்ரருக்குத்தான் விளங்கியது. வகுப்பின் பக்கம் திரும்பினார். பிறகு, "எல்லாரும் கொப்பியைத் திருப்பித் தாங்கோ" என்றார்.

பிறகு நான் மருந்தாளராகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அவள் கொழும்பில் யூனிவர்சிட்டி, அங்கிருந்து ஸ்கொலர்ஷிப்பில் இங்கிலாந்து, டொக்டர் பட்டம்... எரிந்து முடிந்த நட்சத்திரங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டாள். அதற்குத்தான் அந்த விருது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பேப்பரில் சின்னதாகப் படம் வந்தது. அவளுடைய அப்பா அதை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்.

சைக்கிளுக்குக் காற்றடிக்க நான் போயிருந்த நேரம் யாரோ கேட்டார்கள். "மகள் என்ன செய்யிறா?"

"நட்சத்திரம் பாக்கிறா."

"சாத்திரமோ?"

"இல்லை, கணக்கு" என்றார் அவர். கையில் ட்யூப். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அந்த வருஷமே அவளும் லீவில் வந்தாள். உப்புவெளிக் கடற்கரையில் பின்னேர வெயிலில் இருந்தோம். "எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு" என்றேன்.

ஒரு பிடி மண்ணை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது அந்த நட்சத்திரத்திலை இருந்து வந்திருந்தா, ஸ்டேஷனிலை நிக்கிற ரயில் எஞ்சினளவு பாரம் இருக்கும்."

நான் மண்ணைப் பார்த்தேன். மற்றக் கையையும் அடியில் கொடுத்தேன். வெறும் மண்தான், ஆனாலும் கொடுத்தேன்.

"இதை எப்பிடியடி கண்டுபிடிச்சனீ? அங்கை போய்ப் பாக்கேலாதே."

"போகத் தேவையில்லை. அதிலையிருந்து வாற வெளிச்சம் சொல்லும். நாங்கள் பொறுமையாய்க் கேக்கவேணும்."

"பயமா இல்லையோ உனக்கு?"

கடலில் ஒரு வள்ளம் கரைக்கு வந்துகொண்டிருந்தது.

"பயமில்லை. கணக்குச் சரியா வாற நேரம்... கோயிலுக்குள்ளை பெரிசாய்க் கதைச்சுப்போட்டு, திடீரெண்டு வாயை மூடுவமே. அப்பிடி இருக்கும்."

பிறகு எழும்பிப் பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "வா யோகம், பசிக்குது" என்றாள்.

அடக்கம் இங்கிலாந்திலேயேதானாம். இந்த முழங்காலோடு நான் எங்கே போக...

இங்கே சேர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், செத்தவர்களுக்காக மன்றாடும் நேரம் வாசிக்கச் சொல்லி உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன், மெற்றில்டா. கடைசி வரிசை வாங்கில் இருந்து கேட்பேன்.