பதினொன்றரை மணி நேரத் தொலைவு

வாசகரே, தீர்ப்புச் சொல்ல உங்களை அழைக்கவில்லை. சாட்சியாக நின்றால் போதும். மெல்போர்னில் தூரத்தை மணிக்கணக்கில்தான் சொல்கிறார்கள். கடற்கரைக்கு ஒரு மணி நேரம். சிட்னிக்கு ஒன்பது மணி நேரம். எங்கள் கோயம்புத்தூரிலோ, ஒரு கோடியிலுள்ள சரவணம்பட்டியில் நின்று மறுகோடியிலுள்ள போத்தனூருக்கு வழி கேட்டாலும் "பக்கந்தானுங்க" என்றே விடை வரும். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் பீட்டர், குடும்பம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டார். இந்நாட்டு வழக்கப்படி, பதினொன்றரை மணி நேரம் என்றேன். காரில் போகும் தூரம் என்று எண்ணியவர், வழியில் நல்ல காபி கிடைக்கும் இடங்களைச் சொல்லத் தொடங்கினார். நான் திருத்தவில்லை.

அந்த எண்ணை, இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவைக் கணக்கிடும் இணையப் பக்கம் ஒன்றில் எடுத்திருந்தேன். ஏறத்தாழ எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், நேர்கோடு. அந்தக் கோட்டின்மீது எந்த விமானமும் பறப்பதில்லை என்பதை அந்தப் பக்கம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு என் தங்கைக்குக் கோவையை அடுத்த சோமனூரில் திருமணம். திங்கட்கிழமை விடியலில் முகூர்த்தம். எங்கள் திருமணங்களில் கைகோர்வை என்றொரு சீர் உண்டு: மாப்பிள்ளையும் பெண்ணின் உடன்பிறந்தானும் கைகோத்து அமர்ந்திருக்க, மங்கல வாழ்த்துப் பாடப்படும். அந்த இடம் எனக்குரியது. சனிக்கிழமையோ இங்கே பல்கலைக்கழக விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று. வெள்ளிக்கிழமையே கிளம்பி வரும்படி தங்கை தொலைபேசியில் கேட்டாள். பதினொன்றரை மணி நேரப் பறத்தல், சிங்கப்பூரில் மாறுவதற்கு இரண்டு மணி நேரம், கோவையில் ஓர் இரவு ஓய்வு என்று அடுக்கி, ஞாயிறு காலை கிளம்பினாலே தாராளம் என நிறுவினேன். மேடையில் எதிரணி அடங்குவதைப் போல அவளும் அடங்கினாள். அதை வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கோப்பை கிடைத்தது. ஞாயிறன்று மெல்போர்ன் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். சிங்கப்பூரில் இறங்கியபோது கோவை விமானம் போய்விட்டிருந்தது, அடுத்தது மறுநாள்தான். சென்னை வழியாகச் சுற்றிக் கோவையின் பீளமேடு விமான நிலையத்தில் இறங்கும்போது திங்கள் பகல் ஒரு மணி. மண்டபத்தில் கடைசிப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் இடத்தில் பெரியப்பா மகன் அமர்ந்து சீரை முடித்திருந்தான். மாப்பிள்ளை எழுந்து, "வாங்க மச்சான், சாப்ட்டீங்களா?" என்று கைகொடுத்தார். காலையில் கோத்திருக்க வேண்டிய கை அது.

தங்கை அழவில்லை. மாலையைச் சரிசெய்தபடி சொன்னாள்: "கணக்கெல்லாம் சரிதானுங்ணா. ஆளத்தான் காணோம்."

நான் மணி பார்த்தேன். இன்னும் என் கைக்கடிகாரம் மெல்போர்ன் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, அங்கே மாலையாகியிருந்தது. நாளை அவளுக்குப் பிறக்கும் குழந்தைக்குக் காது குத்தும் நாளில் மாமன் மடி வேண்டும் என்று நினைவு வந்தது. அதற்குப் பத்து நாள் முன்பே வந்துவிடுவதாகச் சொல்லத் தொடங்கினேன்.

"மறுபடியும் கணக்குங்களாண்ணா?" என்று சிரித்தாள்.

அத்தனை உறவினரும் கேட்க, மேடைக் குரலை விட்டுச் சொன்னேன்: "கணக்கு இல்ல அம்மணி. நீ கூப்புடு. மொத ஆளா வந்து உக்காந்திருப்பேன்."