கிளெமென்ற் கட்டிக் கொடுத்த கூறை

வெள்ளவத்தையில் பௌஸி முதலாளியின் சேலைக்கடைக்குள் வந்தவர்களைக் கிளெமென்ற் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவார். சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றினாலும் சட்டை கசங்காது, வாய் ஓயாது. அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. சிவப்பு மேல்தட்டு, பச்சை ஜன்னலோரம் என்று தட்டுகளைப் பாடமாக்கித்தான் காலத்தை ஓட்டினார்.

வீட்டில்தான் பாடு. "பழுத்த தக்காளி எண்டுதானே சொல்லி விட்டனான்?" என்பாள் மனைவி பிறிஜெற்.

"வைச்சாப் பழுக்கும்."

அந்த வருஷம் பக்கத்துத் தெருவில் குண்டு வெடித்துக் கடைக் கண்ணாடியெல்லாம் கொட்டியது. முதலாளி கிளெமென்ற்றுக்குச் சொல்லாமலே ஜன்னலோரச் சேலைகளை மேல்தட்டுக்கு ஏற்றினார். அடுத்த கிழமை அன்னபாக்கியம் என்ற அம்மா மகளின் கல்யாணத்துக்குச் சிவப்புக் கூறை ஒன்றைப் பார்த்துத் தெரிவுசெய்தார். அதே கரையில் மடிப்புக் குலையாத புதுச்சேலை ஒன்றை மேல்தட்டிலிருந்து எடுத்து, அந்த அம்மா காசு கொடுக்கப் போன நேரத்தில் பார்சல் கட்டிக் கொடுத்தார் கிளெமென்ற்.

மறுநாள் பார்சல் மேசையில் வந்து விழுந்தது. உள்ளே பாசிப்பச்சை.

"தம்பி, என்ரை பிள்ளை மணவறைக்குப் போறாளோ, கீரை விக்கப் போறாளோ?"

முதலாளி அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டுத் திரும்பினார். "இன்னொருக்கா இப்பிடி நடந்தா கொலன்னாவைக் கோடவுன்தான் கிளெமென்ற்." கோடவுனில் பெட்டிகள்தான் இருக்கும். பெட்டியோடு மனுஷன் என்னத்தைக் கதைக்கிறது?

அன்று பின்னேரம் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"அப்ப தக்காளியும் இதுதானோ!" என்றாள் பிறிஜெற். "நான் உங்களை மலிவுக்குக் காய் வாங்கிற உலோபி எண்டெல்லோ நினைச்சனான்."

ஏ.எல்.லில் உயிரியல் படிக்கும் மகள் மாக்ரெட் கேட்டாள். "அப்பா, உங்கடை றேமண்ட் மாமாவை ஹாபரிலை கப்பல் வேலைக்கு ஏன் எடுக்கேல்லை?"

றேமண்ட், கிளெமென்ற்றின் தாயின் தம்பி. "சிக்னல் லைற் நிறம் மாறிச் சொன்னவராம்."

"அப்ப அப்பம்மாவாலைதான் உங்களுக்கும் வந்தது. இது தாய் வழியாத்தான் பொடியன்மாருக்கு வாறது. அம்மா பிளவுஸ் தைக்கிற அளவுப் பேப்பரை அலுமாரிக்கு வெளியாலை விடமாட்டாவெல்லோ? பிரதி வெட்டித்தானே தையல்காரிக்குக் குடுக்கிறவ? கலத்துக்கையும் அதுதான். டீஎன்ஏ கலத்தின்ரை கருவுக்குள்ளையே இருக்கும். அதின்ரை பிரதி வெளியாலை வரும். அதை மூண்டு மூண்டு எழுத்தா வாசிச்சு அமினோ அமிலங்களைச் செபமாலை மணி மாதிரிக் கோத்தாப் புரதம். சிவப்பையும் பச்சையையும் பிரிச்சுக் காட்டுறதும் கண்ணிலை இருக்கிற புரதங்கள்தான். உங்கடை மூலப் பேப்பரிலையே பிழை. பிழையான பேப்பருக்குச் சரியான பிளவுஸ் வராது."

"திருத்தேலாதோ?"

"ஏலாது. ஆனா அது உங்கடை கவலையீனமுமில்லை."

காலையில் முதலாளியிடம் போய் அப்படியே சொன்னார், பிளவுஸ் கதை உட்பட. பௌஸி பேனையைக் கீழே வைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அல்லாஹ்! நிறம் தெரியாமலா நீங்க இவ்வளவு சேலை வித்தீங்க?"

"நான் எங்கை முதலாளி நிறத்தை வித்தனான்? கதையைத்தானே வித்தனான்."

"அப்ப கதையை மட்டும் வில்லுங்க. பார்சல் கட்ட வேற ஆள்."

அன்னபாக்கியம் திரும்பி வந்தபோது கிளெமென்ற் மேசைக்குப் பின்னால்தான் நின்றார். "அக்கா, எனக்குச் சிவப்பு தெரியாது. நீங்களே தொட்டுக் காட்டுங்கோ." அன்னபாக்கியம் சந்தேகத்தோடு பார்த்தார், பிறகு மேல்தட்டில் ஒரு சேலையைக் காட்டினார். பார்சலை முதலாளியே கட்டினார். மகளுக்கு மட்டுமில்லாமல் தனக்கும் ஒரு சேலை வாங்கிக்கொண்டுதான் அந்த அம்மா போனார்.

வீட்டில் மாக்ரெட் சொன்னாள், "எனக்குப் பொடியன் பிறந்தா அவனுக்கும் இது வரலாம் அப்பா."

"வரட்டும். தக்காளி வாங்க மட்டும் அனுப்பாதை."

தக்காளி வாங்க இப்போது பிறிஜெற்தான் போகிறாள்.