யூசுப் பாய்க்காக விட்ட நாலு தட்டு

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரி. அதற்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் பாடகர் யூசுப் பாய்க்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று ஆகிவிட்டது. மறைந்த ஒரு பாடகரின் பழைய சினிமாப் பாட்டுகளை மட்டுமே பாடும் குழு எங்களுடையது. நான் தபலா.

பாய்க்குப் பதிலாக டேவிட் சார் வந்தார். மயிலாப்பூரில் கணக்கு வாத்தியார், மாதா கோயில் குழுவில் பாடுகிறவர். மேடைக் கச்சேரி அவருக்கு அதுதான் முதல் தடவை. தினமும் ஒத்திகைக்கு வர அவருக்கு நேரமில்லை. அதனால் வீட்டில் பாடிப் பழக, குரல் இல்லாமல் வாத்தியங்களை மட்டும் வாசித்து ட்ராக் எடுத்துக் கொடுத்தோம். ஆதம்பாக்கத்தில் கீபோர்டு பாபு மாஸ்டர் வீட்டு மாடியில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பன்னிரண்டு பாட்டும் முடிந்தன.

அடுத்த ஒத்திகையில் ஒரு பாட்டின் இரண்டாவது சரணத்தை டேவிட் சார் முந்தி எடுத்துவிட்டார். திரும்ப வாசித்தோம். திரும்பவும் முந்தினார்.

"இன்னா சார், பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கிறீங்க. நாலு எண்ண வரலியா?" என்றார் மாஸ்டர்.

டேவிட் சார் முகம் சுண்டிவிட்டது. "வீட்லயும் ட்ராக் போட்டா இங்கதான் இடிக்குது மாஸ்டர். எத்தனையோ வாட்டி பாடிப் பாத்துட்டேன். வேற ஆளப் பாருங்க, என்னால உங்க பேரு கெட வேணாம்" என்று பையை எடுத்தார்.

நான் ஒத்திகையில் வாய் திறக்கிறவன் இல்லை. அன்று பேசாமல் இருந்தால் குற்றம் செய்யாத மனிதர் படியிறங்கிப் போய்விடுவார்.

"மாஸ்டர், தப்பு சார் மேல இல்ல. நம்ம மேல" என்றேன். "சார் ரெகார்டுல இருக்கறபடிதான் எடுக்கறாரு. சரணத்துக்கு முன்னாடி நாம வாசிக்கிற அந்த நாலு தட்டு ரெகார்டுலயே கிடையாது. பாய் மூச்சு வாங்கறதுக்கு நான் சேர்த்தது."

சில வருடங்களுக்கு முன் ஒரு மேடையில் அந்த இடத்தில் பாய்க்கு மூச்சு வாங்கியது. நான் நாலு தட்டு கூடுதலாக உருட்டினேன், மற்றவர்களும் கூடவே வந்தார்கள். அதுவே பழகிவிட்டது. பாடகர் இல்லாமல் ட்ராக் எடுத்தபோதும் எங்கள் கைகள் பாய்க்கு இடம் விட்டிருக்கின்றன.

மாஸ்டர் செல்போனில் பழைய ரெகார்டைப் போட்டுக் கேட்டார். "அடப்பாவி, இத்தினி வருசமா உன் பின்னாடியே வந்துகினு இருந்திருக்கேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு டேவிட் சாரிடமிருந்து பையை வாங்கிக் கீழே வைத்து, "மன்னிச்சிக்கோங்க சார்" என்றார்.

அவரை எதிரில் உட்காரவைத்து, அவர் வாயசைக்க, அந்த ட்ராக்கை மறுபடி எடுத்தோம். வரவேற்பில் அதே பாட்டைப் பெண் வீட்டார் இரண்டாம் முறை பாடச் சொன்னார்கள். இன்றும் யார் பாடப்போகிறார்களோ அவர் எதிரில் இல்லாமல் நான் ட்ராக் வாசிப்பதில்லை.

குரல் தேறி பாய் வந்த அன்று மாஸ்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஐந்தாவதோடு படிப்பை விட்ட என்னை எதுவும் கேட்காமல் குழுவில் சேர்த்தவர் பாய். அவருடைய மூச்சுக் குறையை எல்லார் முன்னும் சொன்ன நான் தலை நிமிரவில்லை.

பாய் சிரித்துவிட்டார். "வயசானாலும் நம்ம மூச்சு கெத்தா கீதுன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்!" பிறகு என் தோளில் கை வைத்து, மெதுவாகச் சொன்னார்: "நைனா, எனக்கு வாசிக்கும்போது அந்த நாலை எடுத்துடாத."